ஒரே நாளில் இரண்டு விடியல்

கடைகளுக்கு ஒளிரும் பெயர்ப்பலகை செய்பவர் என்பதால் தெருவில் அவருக்குப் பலகைக்காரர் என்றே பெயர். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய் கண்ணைப் பாதி தின்றுவிட்டது. வெளிச்சமும் நிறமும் தெரியும், கடிகார முள் தெரியாது. பக்கத்து வீட்டில் மாடி எழுப்பியதும் அவள் அறைச் சன்னலுக்கு வெளியே சுவர்தான் மிச்சம்.

"இப்போ பகலா, ராத்திரியாங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

மூன்று நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, அரைமணிக்கு ஒருமுறை வானத்தின் நிறத்தை நோட்டில் குறித்தார். அதை அப்படியே கலர் எல்.இ.டி. விளக்கில் பதிந்து கூரையில் மாட்டினார். ஆறு மணிக்கு இளஞ்சிவப்பு, எட்டரைக்குப் பொன், உச்சியில் வெள்ளை, அந்தியில் ஆரஞ்சு.

"எம் புருஷன் எனக்கு சூரியனையே வாங்கிக் குடுத்துட்டாருடி," என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அறை சிவந்ததும் காலை மாத்திரையைத் தானே போட்டுக்கொள்வாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்பியவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார். வெளுத்திருக்க வேண்டிய அறை பொன்னாக இருந்தது. காலை எட்டரை மணியின் நிறம். தன் கையால் குறித்தது, தப்பவே தப்பாது.

கட்டிலில் அவள் வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தாள். பக்கத்தில் மூடிவைத்த சோறு தொடாமல் இருந்தது.

"டிபன் ஏங்க இவ்ளோ லேட்டு? விடிஞ்சதுமே மாத்திரை போட்டுட்டேனே..." நாக்கு குழறியது.

மாத்திரைப் பெட்டியைப் பார்த்தார். வியாழன் காலைக் குழி காலி. வெள்ளிக் காலைக் குழியும் காலி.

சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்த மைத்துனி விம்மினாள். "பன்னெண்டு மணிக்கு கரண்டு போயி பன்னெண்டரைக்குத்தான் வந்துச்சு மாமா. அக்கா அசந்து தூங்கிட்டிருந்தா. எழுப்ப வேணாம்னு சோத்த வச்சிட்டுப் போனேன்."

கரண்டு போய் வந்தால் எந்தக் கடைப் பலகையும் முதலிலிருந்துதான் ஓடும். அதனால் ஒரு கடைக்கும் நஷ்டமில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் இந்த விளக்கையும் அப்படியே செய்திருந்தார். அது நடுப்பகலில் இன்னொரு முறை விடிந்துவிட்டது.

ஊசி போட்ட டாக்டர், "இன்னும் அரைமணி போயிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் போதும், பலகைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஸ்டூல் போட்டு ஏறினார்.

"கழட்டாதீங்க," என்றாள் அவள்.

"உன்னைக் கொல்லப் பாத்துச்சு."

"அதுக்கென்ன தெரியும் பாவம். ஒரு சூரியன்கிட்ட வாட்ச் கேட்டா எப்படி? நீங்கதான கட்டிவிடணும்."

கரண்டு போனாலும் நேரம் மறக்காதபடி பேட்டரிக் கடிகாரம் ஒன்றை அதில் சேர்த்தார். அது பத்து நிமிட வேலைதான். ஆனால் அவர் மனம் அதை நம்ப மறுத்தது.

மறுநாள் அறை சிவந்தபோது, ஒரு கையில் தட்டும் மறு கையில் மாத்திரையுமாக வந்து நின்றார்.

"விடிஞ்சிருச்சும்மா. வெளிய போய்ப் பாத்துட்டுதான் வந்தேன்."