கடைசி நட்டு

உங்கள் காரில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் கண்ணடிக்கிறது, இண்டிகேட்டரைப் போட்டால் பெட்ரோல் முள் எழுந்து ஆடுகிறது, ஹாரனை அழுத்தினால் கன்றுக்குட்டி முனகுகிற சத்தம் வருகிறது என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? எலக்ட்ரீஷியனையா, எலுமிச்சம்பழக்காரரையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் எல்லப்பனும் முதலில் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டார். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து தோற்றுப்போனார்கள். அப்புறம்தான் எலுமிச்சம்பழம் வந்தது. அதுவும் காய்ந்து கருத்துத் தொங்கிய பிறகு, வேறு வழியே இல்லாமல், வேண்டா வந்தாள்.

பெயரைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். படாளத்துப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்துகொண்டிருந்தபோது, போதும் என்று கடவுளுக்குத் தெரிவிப்பதற்காக வைத்த பெயர். மனு எழுதத் தாள் கிடைக்காமல் குழந்தையின் மேலேயே எழுதிவிட்டார்கள். மனுவுக்குப் பதில் வந்தது. அடுத்ததும் பெண்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேண்டா கம்பெனி பஸ் ஏறி மறைமலைநகருக்குப் போனாள். கார்களுக்கு வயர்க்கட்டு தயாரிக்கும் தொழிற்சாலை. நீளமான பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஆணிகளுக்கு நடுவே சிவப்பு, பச்சை, மஞ்சள் வயர்களை ஓடவிட்டு, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். வரிசை முழுக்கப் பெண்கள், வரிசை முழுக்கக் காண்ட்ராக்ட். நிரந்தரம் என்ற சொல் அந்தக் கம்பெனியில் மேனேஜருடைய கழிவறை மாதிரி. கதவு தெரியும், உள்ளே போக முடியாது. ஏன் எங்களில் ஒருத்தியைக்கூட நிரந்தரமாக்கவில்லை என்று வேண்டா ஒருநாள் வாயைத் திறந்து கேட்டாள். அடுத்த வாரம் பஸ் அவளுக்காக நிற்கவில்லை.

அவள் உட்கார்ந்து அழவில்லை. நேராக எல்லப்பனிடம் போய், ஷெட்டின் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் இடம் கேட்டாள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன், என் பெயரில் பலகை மாட்டிக்கொள்கிறேன் என்றாள்.

எல்லப்பன் கெட்ட மனிதர் இல்லை. ஷெட்டுக்கு வருகிற யாரையும் டீ குடிக்காமல் அனுப்பமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியானாலும் கடைசி நட்டை அவர்தான் முடுக்குவார். கைகால் கழுவி, கிழக்கே பார்த்து நின்று, போல்ட்டில் மஞ்சள் நூல் சுற்றி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, அதற்கு மேல் நட்டு. அந்த நேரத்தில் பெண் வாசனை ஷெட்டுக்குள் இருக்கக் கூடாது. பெண் கை பட்ட வண்டி ரோட்டில் தங்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவரைப் பெற்று, தூக்கி, நடக்கவிட்ட கை எந்தக் கை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

வேண்டாவை ஒரேயடியாக விரட்டாமல் அவர் ஒரு பந்தயம் வைத்தார். ஷெட்டின் மூலையில் எலுமிச்சம்பழம் கட்டி நிற்கும் அந்தப் பேய்க் காரைச் சரிசெய்து மாமல்லபுரம் வரை ஓடவைத்துக் காட்டினால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. வேண்டா சரி என்றாள். அந்தத் தகரக் கூரையை விட்டால் அவளுக்கு மிச்சம் இருந்தது இன்னொரு கம்பெனி வாசலும் இன்னொரு காண்ட்ராக்டும்தான்.

பேய்க் கார் இருசப்பனுடையது. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் ஆள் அவர். ரிசார்ட் நடத்திய ஒருவர் எந்தக் காலத்திலோ பெட்டி பெட்டியாக உதிரிகளை வரவழைத்து, பழைய கார் ஒன்றின் இரும்புச் சட்டமான சேஸிஸின்மேல் ஃபைபர் உடம்பு மாட்டி, இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றைத் தானே கோத்திருந்தார். ஊரைவிட்டுப் போகும்போது அதை இருசப்பன் தலையில் கட்டிவிட்டுப் போனார். உடைந்த இடங்களை இருசப்பன் படகு ஒட்டுகிற மாதிரியே ஒட்டி, படகுக்கு அடிக்கிற நீலத்தையே அடித்து, படகுக்கு எழுதுகிற மாதிரியே பின்பக்கம் மனைவி பெயரையும் எழுதினார். ஆதியம்மாள் அதில் ஏறி மீன் மார்க்கெட்டுக்குப் போகும் நாளுக்காகக் காத்திருந்தாள். வயரிங்தான் வழிவிடவில்லை.

வேண்டா பழைய வயர்களை உருவி வெளியே போட்டாள். உள்ளே ஒரு பொருட்காட்சியே இருந்தது. வீட்டு மின்விசிறிக்குப் போடும் வயர், ஸ்பீக்கர் வயர், ஒரு இடத்தில் டிவி கேபிள். பேட்டரிக்குப் பக்கத்து எர்த் போல்ட்டில் மஞ்சளாக நூல் மக்கிக் கிடந்தது. குழாய் ஒழுகாமல் இருக்க நூல் சுற்றுவார்களே, அந்த மாதிரி. யாரோ பிளம்பர் கூட இந்தக் காரில் கை வைத்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சுரண்டிப் போட்டாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பிறகு கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருந்தது.

பிறகு பழைய பிளைவுட் பலகை ஒன்றை எடுத்து, சாக்பீஸால் காரின் உருவத்தை வரைந்து, ஆணி அடித்து, கம்பெனியில் செய்தது போலவே வயர்களை ஓடவிட்டாள். எல்லப்பன் டீ கிளாஸோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"இன்னாமா, வயரிங் பண்ணச் சொன்னா பூ கட்டிகினு கீற?"

"ஆமா அண்ணாத்த. இது வாடுனா வாசன வராது, பொகதான் வரும்."

ஃபைபர் காரில் ஒரு சங்கதி உண்டு. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போன கரண்டு திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். இரும்புக் காரில் உடம்பே திரும்பி வரும் வழி. ஃபைபர் கரண்டைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாகக் கறுப்பு வயர் இழுத்து, எல்லாவற்றையும் சேஸிஸில் ஒரே எர்த் போல்ட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்; அங்கிருந்து இரும்புச் சேஸிஸ் கரண்டைப் பேட்டரிக்குக் கொண்டுபோகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கெல்லாம் ஒரே பாலம் மாதிரி. பாலம் பழுதானால் கரண்டு சும்மா இருக்காது. பக்கத்து விளக்கு வழியாக, பெட்ரோல் முள் வழியாக, கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வீடு போய்ச் சேரப் பார்க்கும்.

கறுப்பு வயர்கள் அத்தனையையும் ஒரு கொத்தாக்கி, அதைத் தற்காலிகமாக ஒரு கிளிப் வயரால் பேட்டரியோடு இணைத்து வேண்டா சோதித்துப் பார்த்தாள். பிரேக்கை மிதித்தாள், பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது. ஹாரன் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. பெட்ரோல் முள் அசையவில்லை. எர்த்தைக் கடைசியில் மாட்டுவதுதான் ஒழுங்கு என்பதால், மிச்சம் இருந்தது அந்த ஒரு நட்டுதான். ஸ்பேனரை எடுத்தாள்.

"எட்டப் போ," என்றார் எல்லப்பன். "கடைசி நட்டு என்னுது."

பந்தயத்தில் இருக்கிறவள் என்ன செய்வாள்? கிளிப் வயரைக் கழற்றிக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போய் நின்றாள். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது.

மறுநாள் காலை இருசப்பன் காரை எடுத்தார். பக்கத்தில் வேண்டா, பின்னால் பைக்கில் எல்லப்பன். திருக்கழுக்குன்றம் வரை கார் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போயிற்று. இருசப்பன் தேவையே இல்லாமல் ஆட்டுக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். அப்புறம் வேகத்தடைகள் வந்தன. குலுக்கலில் வேண்டாவின் பல் கடகடத்தது. குப்பத்துக்குத் திரும்பும் முனையில் இருசப்பன் பிரேக்கை மிதித்தார். இண்டிகேட்டர் கண்ணடித்தது. பெட்ரோல் முள் துள்ளி எழுந்து ஆடியது. ஹாரன் முனகியது.

வேண்டாவின் தகரக் கூரை, பலகை, பெயர் எல்லாம் அந்த முள்ளோடு சேர்ந்து ஆடின.

படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்தில் கார் நின்றது. எல்லப்பன் பைக்கை நிறுத்திவிட்டு வந்த நடையிலேயே தீர்ப்பு இருந்தது. பொம்பள கை வைத்ததுதான் காரணம், நான் அப்போதே சொன்னேன் என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் விளக்கினார். இருசப்பன் தன் பங்குக்கு, ரிசார்ட்காரரின் ஆவி கடற்காற்று பட்டதும் எழுந்துகொள்கிறது என்றார். ஆதியம்மாள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஆள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறார், போன மாதம்கூட போன் பண்ணினாரே என்று கேட்டாள்.

வேண்டா யோசித்தாள். கிளிப் வயர் போட்டபோது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு மாறியது ஒன்றே ஒன்று. கிளிப்பை எடுத்து மறுபடியும் கறுப்பு வயர்க் கொத்திலிருந்து பேட்டரிக்குக் கவ்வவிட்டாள். முள் அடங்கியது. கிளிப்பை எடுத்தாள். முள் ஆடியது. போட்டாள், அடங்கியது. கூட்டமும் அடங்கியது.

பிறகு ஸ்பேனரை வைத்து நட்டைத் திருப்பினாள். கையாலேயே கழன்றுவிடும் போல அது தளர்ந்திருந்தது. அடியிலிருந்து சுருள் சுருளாகப் புது மஞ்சள் நூல் வந்தது. அப்புறம் ஈரம் காயாத சந்தனம், குங்குமம். வாசனை அருமையாக இருந்தது. நூல் மெத்தையின்மேல் உட்கார்ந்திருந்த வயர்கள், குலுக்கலில் நூல் நசுங்கியதும் சேஸிஸை விட்டுவிட்டன. முன்னால் வந்த எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் ஆண்கள். ஷெட்டுக்குள்ளேயே நின்று இந்தப் பூசையைப் பார்த்தவர்கள். தினமும் பார்த்ததால்தான் அது அவர்கள் கண்ணில் படவில்லை.

ஆதியம்மாள் நூலை விரலில் தூக்கிப் பிடித்தாள். "இன்னா எல்லப்பா, பேய் உன் பொட்டுக்கடியிலதான் குடும்பம் நடத்திகினு இருந்துதா?"

எல்லப்பன் கடலைப் பார்த்தார். கடலில் அவருக்கு உதவ யாரும் இல்லை. "வண்டி நல்லா இருக்கணும்னுதான வெச்சேன்," என்றார், குரல் இறங்கி.

"பொட்டு வை அண்ணாத்த, வாணாங்கல," என்றாள் வேண்டா. "கண்ணாடில வை, ஸ்டியரிங்ல வை. நட்டுக்கு அடில மட்டும் வைக்காத."

உப்புத்தாள் போட்டுப் போல்ட்டைத் தேய்த்தாள். இரும்பு பளிச்சென்று வந்தது. வயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாஷரை வைத்து, கடைசி நட்டைத் தானே முடுக்கினாள். அவள் மேற்கே பார்த்து நின்றிருந்தாள். யாரும் எட்டப் போகச் சொல்லவில்லை.

ஆதியம்மாள் கூடையோடு காரில் ஏறினாள். மார்க்கெட்டுக்குப் போகும் வழி நெடுக ஹாரன் கேட்டது.

வாக்கை எல்லப்பன் காப்பாற்றினார், முனகிக்கொண்டே. 'வேண்டா ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று வாசலில் மாட்டினால் வருகிற ஆளும் திரும்பிப் போய்விடுவான், பெயரையாவது மாற்று என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் எழுத்தைத்தான் பெரிதாக்கினாள். கடைசி நட்டு இன்னும் ஷெட்டில் ஒரு சர்ச்சைதான். மற்ற வண்டிகளில் அவர் நூல் சுற்றுகிறார். எர்த் போல்ட் பக்கம் வந்தால் மட்டும், மளிகைக் கடைக்குப் போகிறவர் மாதிரி சொல்லாமல் வெளியே நழுவிவிடுகிறார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டியின் பானட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து வரும் கறுப்பு வயர் எங்கே முடிகிறது என்று பார்த்து, அங்கே ஏதாவது பூசியிருந்தால் துடையுங்கள். துடைக்கும்போது வீட்டுப் பெண் ஒருத்தி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், எட்டப் போகச் சொல்லாதீர்கள். ஸ்பேனரை அவள் கையில் கொடுங்கள்.