ஓவர்லாக்காரியின் குடல் வேலைக்குத் திரும்பிய கதை

மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியில் மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், தையல் ஒத்தையா, ரெட்டையா?"

கேட்டவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். துணியின் ஓரம் பிரியாமல் வெட்டிக்கொண்டே தைக்கிற மெஷின் அது. 'ஓவர்லாக்காரி' என்பதே அவளுக்குப் பட்டப்பெயரும். வீட்டில் நல்ல மனநிலையில் இருந்தால் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

"தையலே இல்லம்மா. ஸ்டேப்ளர்."

"பேப்பருக்கு அடிப்பாங்களே, அதுவா?"

"இது குடலுக்குன்னே செஞ்சது. கெட்டியா நிக்கும், பயப்படாதீங்க."

அவளுக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. பெருங்குடலில் வந்த புற்றுநோயைப் போன வருடம் வெட்டியெடுத்தார்கள். மிச்சக் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பையை ஒட்டினார்கள். மருந்தெல்லாம் ஏறி முடிந்து, நோய் இல்லை என்று பரிசோதனைகள் சொன்ன பிறகு, பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி சேர்த்திருக்கிறார்கள். இனி அந்தக் குடல் வேலை செய்ய வேண்டும். அதற்கு அடையாளம் ஒன்றுதான்: காற்று பிரிய வேண்டும். பிரிகிற வரை சோறு தண்ணீர் கிடையாது. பிரியாமல் வயிறு உப்பிக்கொண்டே போனால் மறுபடி கத்தி.

ஆக, ஒரு குடும்பமே ஒரு குசுவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கணவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளர். காலையும் மாலையும் மனைவியை வார்டு நடையில் நடத்திக்கொண்டு போவது அவர் பொறுப்பு. பழக்கதோஷம் விடுமா? "நேராப் பாரு. அவசரமே இல்ல. எதிர்ல ஸ்ட்ரெச்சர் வருது, ஓரங்கட்டு" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவள் கொஞ்சம் தள்ளாடினால், அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும்.

"ஏங்க, நான் என்ன உங்க காரா?"

"காருன்னா இந்நேரம் ஹாரனாவது அடிச்சிருக்கும்" என்றார் அவர். வயிற்றில் அறுத்த இடத்தில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு அவள் சிரித்தாள். சிரித்தாலும் வலி.

இந்தக் கூத்துக்கு நடுவே கணவரின் அக்காள் வந்து சேர்ந்தாள். துணிகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவருவது, தலைவாரி விடுவது, கால் அமுக்குவது எல்லாம் அவள்தான். அந்தக் கை பொன்னான கை. வாய்தான் சும்மா இருக்காது.

"எவ கண்ணு பட்டுச்சோ. ஓவர்டைம் பாத்து வீட்டுக்குத் தளம் போட்டீங்கல்ல, வயிறெரிஞ்சவ ஒருத்தியா ரெண்டு பேரா?"

கல்லூரியில் படிக்கும் மகள் விடவில்லை. "அத்தை, கண்ணு படறதுன்னா தளத்துல விரிசல் விழுந்திருக்கணும். அது ஏன் அம்மா குடலுக்கு வருது?"

"உனக்கு வாய் நீளம்டி."

"உங்க பரம்பரை அத்தை."

மறுநாள் காலையில் மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தபேலாபோல ஒலித்தது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. "இன்னிக்கும் காத்துப் போகலைன்னா நாளைக்கு ஸ்கேன். உள்ள அடைப்பு இருந்தா மறுபடி திறக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாத்தனார் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

மகள் மட்டும் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே தெரிந்த விரல்கள் சுருண்டு இறுகியிருந்தன. பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க நாலைந்து ஆண்கள் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் வெளியே போனதும் விரல்கள் விரிந்தன. நர்ஸ் உள்ளே வந்ததும் மறுபடி சுருண்டன.

மகள் குனிந்து காதோடு கேட்டாள். "அம்மா, அடக்குறியா?"

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா!"

"நேத்துலேருந்து வருதுடி. இத்தனை பேரு முன்னால எப்படி?"

மகளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் யார்மேல் கோபப்படுவது? தொழிற்சாலையில் முழு வரிசைப் பெண்களுக்கும் சேர்த்துக் கழிவறைக்கு ஒரே ஒரு டோக்கன். அது கையில் வரும்வரை எழக்கூடாது. எழுந்தால் மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டுவார். தண்ணீர் குடிக்காமலிருக்கவும், வந்ததை உள்ளேயே நிறுத்தவும் அந்தப் பெண்கள் தையலோடு தையலாகக் கற்றுக்கொண்டார்கள். மிச்சத்தை வீடு கற்றுக்கொடுத்திருந்தது: பொம்பளை உடம்பில் சத்தம் வரக்கூடாது, வாசனை வரக்கூடாது, கேள்வியே வரக்கூடாது. மலத்தில் ரத்தம் பார்த்தபோதும் அவள் அதைத்தான் செய்தாள். மாதக்கணக்கில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கட்டி வளர்வதற்கு அந்த மௌனத்தைவிட வசதி வேறென்ன வேண்டும்? இதற்கு விதி என்று பெயர் வைப்பவர்கள் ஒருநாள் அந்த வரிசையில் உட்கார்ந்து தைத்துப் பார்க்கட்டும்.

மகள் இதையெல்லாம் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, வார்டுக்கே கேட்கும்படி, "அப்பா, அம்மா வெக்கப்பட்டு அடக்கி வச்சிருக்காங்க!" என்றாள்.

"அடிப் பாவி" என்று அம்மா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கணவர் வாய் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். பலர் நடுவில் உரக்கத் தும்மவே கூச்சப்படுகிறவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே வந்தாள். "மானம் போயிடும்னு வயித்த ரெண்டாந்தரம் கிழிச்சுக்கப் போறியா? எழுந்திருடி. எவனாவது சிரிச்சா நான் பாத்துக்கறேன்."

"அண்ணி..."

"அண்ணியாவது நொண்ணியாவது. நட!"

ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் நாத்தனார், பின்னால் சொட்டு மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு மகள். நடையின் பாதியில் அவள் நின்றாள். சுற்றிலும் ஆட்கள். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல் விட்டாள்.

சின்னச் சத்தமல்ல. நீளமாக, நிதானமாக, நடைக்கோடி வரை போய்த் திரும்பியது. கணவரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. எதிரே சக்கர நாற்காலியில் வந்த பெரியவர், "வாழ்த்துக்கள்மா, எனக்கு முந்தாநாள்தான் ஆச்சு" என்று கையைத் தூக்கினார். நர்ஸ் மேசையிலிருந்தபடியே, "கேஸ் போச்சா?" என்று கத்தினாள்.

அவளே பதில் சொன்னாள். "போச்சு சிஸ்டர்! நல்லாப் போச்சு!"

மாலையில் மருத்துவர் வந்து வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஸ்கேன் வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம் என்றார். மகள் ஸ்பூனால் ஊட்டினாள். வெறும் தண்ணீர்தான். அவள் அதை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் சுவைத்துவிட்டு விழுங்கினாள். விழுங்கியது உள்ளே இறங்கும் வழியை நினைத்துப் பார்த்தாள். முழு வழியும் இப்போது அவளுக்குள்ளேயே இருந்தது.

"நான் நடக்க வச்சதாலதான்" என்று கணவர் பெருமையடித்துக்கொண்டார்.

"நீ ஓட்டின வண்டி நேத்து வரைக்கும் ஸ்டார்ட்டே ஆகலையேடா" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனைக் காதில் வைத்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வார்டு நடுவில் நின்று, குரலைத் தாழ்த்தாமல், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் இருந்தவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. "அண்ணி, பெரியவர் வாழ்த்துச் சொன்னதை விட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள்.