சீதாலக்ஷ்மியின் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள்

சீதாலக்ஷ்மிக்கு ஒரு பொல்லாத குணம். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே அர்த்தம்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஒரே அர்த்தம் என்றால் வெள்ளைக்காரன் எதற்கு இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும் என்பாள். அதோடு விடவும் மாட்டாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதிவைத்த பிறகுதான் அடுப்பையே பற்றவைப்பாள்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் பிறந்து, அதே கோட்டைக்குள் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பிரீடிகிரி முடித்த வருஷமே கல்யாணம். மேலே படிக்கிறேன் என்று அழுதது எடுபடவில்லை. புருஷன் நாகேஸ்வரன் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா, குரலை உயர்த்தியே பேசாத மனுஷர். 1991இல், அவளுக்கு முப்பத்திரண்டு வயதானபோது, தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் நடந்த டியூட்டோரியலில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தாள். அரசாங்க வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அங்கே வகுப்பு. நடத்தியவர் நாஞ்சில் நாட்டுக்காரர் பகவதிப்பெருமாள். டீச்சருக்கு டிகிரி இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சாலை பஜார்க் கடைகளில் துணி கிழிக்கிறவர்கள், ஓட்டலில் பில் போடுகிறவர்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடிவரும் பெண்கள், இவர்கள்தான் வகுப்பில். இவர்களைப் பரீட்சையில் குப்புறத் தள்ளுவது இந்த ஜோடிச் சொற்கள்தான். சீதாலக்ஷ்மி தமிழில் யோசித்து மலையாளத்தில் சொல்லிக்கொடுப்பாள். கோயில் மணி தானாகக் காதில் விழுந்தால் ஹியர். அடுத்த அறையில் மாமியார் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டால் லிசன். சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதித்தால் டினை, கேட்டதைச் செய்ய மாட்டேன் என்றால் ரெஃப்யூஸ். வகுப்பு சிரிக்கும். சிரித்தவர்கள் பரீட்சை ஹாலில் மறக்கவில்லை. ஏழு வருஷத்தில் நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி சேர்ந்திருந்தது.

1998 டிசம்பரில் பகவதிப்பெருமாள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். "டீச்சர், இதப் புஸ்தகமாப் போடுவோம். அட்டையில உங்க பேரு. நானாக்கும் சொல்லுதேன்" என்றார்.

அவள் பெயர் அச்சில் வந்தது அதுவரை ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதுவும் அப்பாவின் பெயருக்கு வாலாக. அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.

பிப்ரவரியில் புரூஃப் வர ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் நாகேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். அவள் அச்சான தாளில் பென்சிலோடு தொடர்வாள். மூன்று சுற்று, ஆறு மாதம். ஒரு நாள்கூட அவர் அலுத்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் மனசுக்குள் பூரித்துப்போனாள்.

நடுவில் பகவதிப்பெருமாள், தன் பெயரில் வரவேண்டிய பதிப்பாளர் முன்னுரையையும் அவளையே எழுதச் சொன்னார். ஆசிரியரை நாலு வார்த்தை புகழ வேண்டிய இடம் வந்தது. தன்னைத் தானே எப்படிப் புகழ்வது? 'நீண்ட வகுப்பறை அனுபவமும் பொறுமையும் உடைய' என்று எழுதிவிட்டு, கூச்சத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகளை வைத்தாள். அவராகவே நிரப்பட்டும், அதுதானே மரியாதை. எல்லாப் புரூஃபிலும் அந்தப் புள்ளிகள் அப்படியே வந்தன. அட்டை மட்டும் சிவகாசியில் அச்சானது. அதன் புரூஃப் அவளிடம் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் இதையெல்லாம் கேட்பாளா என்ற எண்ணம்தான். நல்ல குடும்பத்துக் கூச்சம் எவனுக்கு லாபம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் டியூட்டோரியலில் புத்தகக் கட்டைப் பிரித்தார்கள். காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தாள். அட்டையில் பளபளவென்று 'செல்வகணேஷ், எம்.ஏ.' என்று இருந்தது. பகவதிப்பெருமாளின் மாப்பிள்ளை, நாகர்கோவிலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருப்பவன். ஒரு வகுப்பறைக்குள்ளும் சாக்பீஸோடு நுழைந்ததில்லை. முன்னுரையைப் புரட்டினாள். அவள் விட்ட புள்ளிகளின் மேல் அவன் பெயர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நீண்ட வகுப்பறை அனுபவம் இப்போது அவனுக்கு, பொறுமையும் அவனுக்கே.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: எடுத்துக்கொண்டு போன பொருளைச் சொன்னால் ஸ்டீல், பறிகொடுத்த ஆளைச் சொன்னால் ராப்.

பகவதிப்பெருமாள் பதறவில்லை. "தப்பா நினைக்கப்படாது டீச்சர். பேருக்குப் பொறவு டிகிரி எழுத்து இல்லாத்த கைடை ஒருத்தனும் தொடமாட்டான். உங்க சாருக்கிட்ட அன்னைக்கே சொல்லியாச்சே. அவரு ஒப்பும் போட்டுத் தந்தாரு."

மலையாளத்து 'ஒப்பு'தான், கையெழுத்து. மேசைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் காட்டினார். 'என் மனைவியின் குறிப்புகளை வேறு பெயரில் வெளியிட ஆட்சேபமில்லை.' கீழே நாகேஸ்வரனின் வளைந்த கையெழுத்து. தேதி ஜனவரி பதினெட்டு.

முதல் புரூஃப் வந்தது பிப்ரவரியில். அதற்கும் முன்னால் எல்லாம் முடிந்திருந்தது. செல்வகணேஷை யாரோ என்று தள்ளிவிடலாம், பகவதிப்பெருமாளை வியாபாரி என்று தலைமுழுகலாம். ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவரை என்ன செய்வது?

நாகேஸ்வரன் ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

"கேட்டா நீ சம்மதிச்சிருக்க மாட்டாய்."

"அது தெரிஞ்சேதான் ஒப்புப் போட்டேளா?"

"டிகிரி இல்லாதவள்னு நாலு பேர் வெளிலே சொல்லப்படாது பாரு. ஆபீஸ்லே எனக்கும் ஒரு இது இருக்கோன்னோ."

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ தினமும் எங்கூட உக்காந்து எதுக்கு வாசிச்சேள்?"

நாகேஸ்வரன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இதுகூடவா புரியவில்லை என்கிற முகம்.

"பிழையோட வந்தா அந்த மாப்பிள்ளைப் பையனோட பேர் கெட்டுப்போயிடாதோ?" என்றார்.