உட்கார்ந்து செய்யும் வேலை

பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் பட்டறை அது. அங்கே அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். கூலியைக் குறைத்தாலும் வெடிப்பாள், குடிக்கிற தண்ணீர் நாறினாலும் வெடிப்பாள். சூப்பர்வைசர் அவளைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவான்.

பிள்ளைத்தாய்ச்சிகளை மூட்டை தூக்க வைக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலைதான் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தவள் அவள்தான். அதிலிருந்து அது பட்டறை வழக்கமாகிவிட்டது. மாசமானவளை உருக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். உருகி ஒழுகி வரும் பிளாஸ்டிக் இழையை வெட்டினால் போதும். புகை நாறுகிறது என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டதால் ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். புகை உள்ளேயே சுற்றியது.

அவள் முறையும் வந்தது.

"என்னடி பட்டாசு, மகாராணி மாதிரி உக்காந்துட்டே!" என்றாள் மூட்டை தூக்குகிறவள்.

"இருமல் இனாம்டி. நீயும் சீக்கிரம் மாசமாகு, ஸ்டூலைத் தர்றேன்."

வீட்டில் மாமியார். கெட்டவள் இல்லை. பெத்த மகள் பிரசவத்தில், பிள்ளை பெரிசாகி மாட்டிக்கொண்டு செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் மருமகளின் தட்டில் சோறு பாதியானது. பாலும் முட்டையும் நின்றன.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"வேணாம்மா. உள்ள கொழுத்துட்டா உன் உசுருக்கு ஆபத்து. சின்னதாப் பெத்துப் போடு, வெளிய வந்ததும் வளத்துக்கலாம்."

முதலாளியையே மடக்கியவள், அந்தப் பயத்துக்கு முன்னால் பாதிச் சோற்றோடு கை கழுவினாள்.

பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. அழக்கூடத் தெம்பில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"என்ன வேலை பாத்தே? என்ன சாப்பிட்டே?" என்று நர்ஸ் கேட்டாள். பதிலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நீ இழுக்குற புகை உன் ரத்தத்துல கலந்து, பிள்ளைக்குப் போற காத்தையும் சத்தையும் குறைக்கும்மா. சோறும் இல்லேன்னா அது எதை வெச்சு வளரும்?"

"சுகப்பிரசவம்தானே ஆச்சு..." என்று ஆரம்பித்த மாமியார், பெட்டியைப் பார்த்துவிட்டு அதன் கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

பிள்ளை தப்பித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பால் குடிக்கவே அதற்கு மூச்சு வாங்கியது. பிஸ்கட் பொட்டலத்தோடு பார்க்க வந்த சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றான்.

"எங்க மேல கோவமா? நீங்க கேட்ட உக்கார்ற வேலையத்தானே கொடுத்தோம்?"

"ஆமாய்யா. ஸ்டூல் கேட்டோம். காத்தையும் கேட்டு வாங்கணும்னு எங்களுக்குத் தோணலியே."