இரண்டாம் ஞாயிறு, இலக்கிய வட்டம்

இலக்கிய வட்டச் செயலாளர் வேலைக்குத் தகுதி ஒன்றுதான்: கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகக் கதவைப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். எழுதவும் தெரிந்திருந்தால் அது இடைஞ்சல். இந்த வேலையைப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்ல வருவது பாதியிலேயே விளங்கிவிடும். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள்.

எண்பதுகளின் நடுவிலிருந்து பதினோரு வருஷம் அருப்புக்கோட்டையில் அந்தப் பொறுப்பில் இருந்தேன். பிழைப்புக்குத் திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் கூட்டம். பெஞ்சுகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துதான் எங்கள் பக்கத்து இலக்கியம் வளர்ந்தது. தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, கடைவீதியில் விதையும் உரமும் விற்பவர். கதை, கவிதை எதுவும் வாசிக்க மாட்டார். ஆனால் கூட்டத்துக்கு டீயும் காராச்சேவும் அவர் பொறுப்பு என்பதால், அவர் தலைமை மீது யாருக்கும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

எழுத்துப் பயிற்சி

ஒரு கோடையில் "எழுத்துப் பயிற்சி முகாம், அனுமதி இலவசம்" என்று நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைகளிலும் ஒட்டினோம். சிறுகதை எழுதச் சொல்லித்தருவது எங்கள் எண்ணம். பதினாலு பேர் வந்தார்கள். பதினாலாவது ஆள் மாணிக்கம். திருச்சுழியில் பத்திரம் எழுதுகிறவர். எனக்கு முன்பே பழக்கம். அவர் எழுதிய பத்திரத்தை அவரே கூட நின்று வாசித்துக் காட்டினால்தான் அடுத்தவருக்குப் புரியும், கையெழுத்து அப்படி. நோட்டீஸைப் பார்த்ததும், அதைத் திருத்திக்கொள்ள நல்ல சமயம் என்று இரட்டைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வகுப்பு எடுத்தவர் மதுரையிலிருந்து வந்த கல்லூரி ஆசிரியர். முதல் வரியிலேயே யார், எவர் என்று சொல்லிவிடக் கூடாது, ஊர் பேரைக்கூடப் போகிற போக்கில்தான் சொல்ல வேண்டும், முக்கியமான விஷயத்தைக் கடைசிப் பாராவரை பொத்தி வைக்க வேண்டும் என்று மூன்று மணி நேரம் பேசினார். மாணிக்கம் பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று கடைசிவரை இருந்து, எல்லாவற்றையும் இரட்டைக் கோட்டுக்குள் எழுதிக்கொண்டார். முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் சொன்னாரு. ஆனா முக்கியமானதக் கடைசி வரைக்கும் மறைச்சு எழுதினா, என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாக."

மண் சார்ந்த எழுத்து

ஒரு புரட்டாசிக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தோம். தலைப்பு, மண் சார்ந்த எழுத்து. அதற்கு முந்தைய வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. அந்த வருஷமும் அதுவரை மேகம் வந்து வந்து போனதோடு சரி. அன்றைக்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், அதில் ஒன்பது பேர் சம்சாரிகள், காடு வைத்து வெள்ளாமை பார்க்கிறவர்கள். பேச்சாளர் கரிசலின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஓட்டின் மேல் சடசடவென்று விழ ஆரம்பித்தது. முதலில் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அது தூறலோடு நிற்கிற மழை இல்லை என்று தெரிந்ததும் ஒருவர் எழுந்தார், கும்பிட்டார், போனார். பிறகு இருவர். பிறகு வரிசையாக.

பேச்சாளர் நிறுத்திவிட்டார். முகம் சின்னதாகிவிட்டது. கூட்டத்தில் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமா என்று என்னைப் பார்த்தார். கடைசியாகக் கிளம்பிய பொன்னையா, எங்கள் வட்டத்திலேயே நிறையக் கவிதை எழுதுகிறவர், மேஜைப் பக்கம் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்கிறாதீக ஐயா. நீங்க பேசுறது அடுத்த மாசமும் நிக்கும். ஈரம் செவ்வாக்கெழம வரைக்கும் நிக்காது."

வீரசோழன் தபால்

வீரசோழனில் காதர் பாய்க்கு ஜவுளிக்கடை. இரண்டு வருஷமாகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்புகிறவர்களுக்குத் தெரியும்: தபால்தலை ஒட்டி, சுயவிலாசம் எழுதிய கவர் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். கதை பிடிக்கவில்லை என்றால் அதே கவரில் திரும்பி வரும். ஆகவே நம் கையெழுத்தில் நமக்கே ஒரு கடிதம் வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பாய்க்கு அப்படிப் பதினெட்டோ பத்தொன்பதோ வந்திருந்தது. ஊர்த் தபால்காரர் முருகேசனுக்கும் இது புரிந்துவிட்டது. கடையில் ஆள் இருந்தால் அவர் தெருவிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆட்கள் போனதும் உள்ளே வந்து, மேஜையில் கிடக்கும் செய்தித்தாளுக்கு அடியில் கவரைச் செருகிவிட்டுப் போய்விடுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று பாயே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்ட நோட்டீஸ் கொடுக்கப் போயிருந்தேன். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. பாய் துணியைக் கிழிக்க அளந்துகொண்டிருந்தார். முருகேசன் அன்றைக்கு வெளியே நிற்கவில்லை. நேராகக் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். பாய்க்கு முகம் மாறிவிட்டது. வந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செய்தித்தாளுக்கு அடியில் வைக்கும்படி கண்ணாலேயே சொன்னார். முருகேசன் வைக்கவில்லை. கவரை இரண்டு கையாலும் நீட்டிச் சொன்னார்: "பாய், இது உங்க கையெழுத்து இல்ல."

உறுதிமொழி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிறுகதைப் போட்டி வைத்தோம். மற்ற போட்டிகளைப் பார்த்து, "இக்கதை என் சொந்தக் கற்பனையே என உறுதி அளிக்கிறேன்" என்ற கையெழுத்துத் தாளையும் கேட்டிருந்தோம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கதையை மட்டும் கொடுத்துவிட்டு உறுதிமொழியைத் தர மறுத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கதையில் வருவது தன் தெருவில் நடந்தது, வருகிற ஆள் எதிர்வீட்டில் இப்போதும் இருக்கிறார் என்றார். போட்டியில் சேர்க்க முடியாமல் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. "முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதீகன்னு சொன்னவன் சார் நான். நடந்தத, நடக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றீகளே."

முதல் பரிசு

அந்தப் போட்டியில் முதல் பரிசு பரளச்சியிலிருந்து வந்த முத்துலட்சுமிக்கு. மானாவாரிப் பருத்தி போடும் வீடு. இரண்டு பிள்ளைகள். வட்டத்துக்கு வந்த மூன்று பெண்களில் அவர் ஒருவர். அருப்புக்கோட்டையில் அக்கா வீடு இருந்ததால், அக்காளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை வருவார். அதிகம் பேச மாட்டார். உறுதிமொழியில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார். பரிசளிப்பு அன்று பருத்தி எடுக்க ஆள் வரச் சொல்லியிருந்தபடியால் அவர் வரவில்லை. அண்ணாச்சி கடையில் பூச்சி மருந்து வாங்க வந்த புருஷன் வேலுச்சாமி, பரிசை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். வீட்டுக்காரி எழுதுவாள் என்பதே அவருக்கு ஒரு வாரம் முன்னால்தான் தெரியுமாம். கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பரிசுக் கதையை மேடையில் வாசிப்பது வழக்கம். வாசித்தவன் நான். கதையில் ஒரு பெண்ணுக்கு இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு ஒரு காதில் சீழ் வைத்து, கேட்காமல் போய்விடுகிறது. புருஷனிடம் ஒருமுறை சொல்கிறாள். அவன் வண்டியில் பருத்தித் தாட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டே, எண்ணெய் காய்ச்சி விடு என்கிறான். அதன் பிறகு அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. அந்தப் பக்கமிருந்து அவன் கூப்பிடும்போதெல்லாம் அவள் திரும்புவதில்லை. திமிர் என்கிறான். மம்பட்டி கேட்டவனுக்கு அவள் மண்சட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்த வேலுச்சாமியும் சிரித்தார். அடுத்த பாராவில் அவன் கோபத்தில் சொம்பை எறிகிறான், அது வாசற்படியில் பட்டு நசுங்குகிறது, அந்த நசுங்கல் தெரியாதபடி அவள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறாள். அந்த இடத்தில் நான் தலை நிமிர்ந்தபோது வேலுச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்தினால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று கடைசிவரை வாசித்தேன்.

அண்ணாச்சி ஓர் எவர்சில்வர் குடத்தைப் பரிசாகக் கொடுத்தார். வாங்கிக் கும்பிட்டார். கூட்டம் கலைந்ததும் குடத்தோடு என்னிடம் வந்து, அந்தக் கதையில் எந்தக் காது என்று போட்டிருக்கிறதா என்று கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு காது என்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் குடத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "கல்யாணமாகிப் பதினாலு வருஷமாச்சு சார். இன்னைக்குப் போயி இதக் கேக்கணும்னாக்கூட, எந்தப் பக்கமா நின்னு கேக்கணும்னு எனக்குத் தெரியலையே."

சுவர் ஓரம்

அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முத்துலட்சுமி வகுப்பறையில் எப்போதும் தன் இடதுகைப் பக்கம் சுவர் இருக்கும்படி, கடைசி இடத்தில்தான் உட்காருவார். கூச்சம் என்று நினைத்திருந்தேன். வருகைப் பேரேட்டில் பெயர் வாசிக்கும்போது இரண்டாம் தரம் கூப்பிட்டால்தான் பதில் வரும். கவனமில்லை என்று நானும் ஓரிரு முறை முகம் சுளித்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அந்தக் கதையை அவர் புருஷன் முன்னால் வாசித்தது என் தப்புதான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. விசாரித்து ஒரு கார்டு எழுதி வைத்தேன். அது யார் கையில் சேருமோ என்று பிறகு கிழித்துப் போட்டேன். ஒரு பெண் தனக்கென்று வைத்திருந்த ஒன்றை மைக் வைத்து முடித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பரளச்சிப் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் கேட்பேன். பருத்தி சுமார் என்பதைத் தவிர வேறு சேதி கிடைக்காது.

மூன்றாம் மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். வேலுச்சாமி உள்ளே வர மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நடந்ததை முத்துலட்சுமிதான் சொன்னார். அன்றைக்குக் குடத்தோடு வீட்டுக்குப் போனவர் ஒன்றும் கேட்கவில்லையாம். முன்னால் வந்து நின்று, மதுரைக்குப் புறப்படு என்று மட்டும் சொன்னாராம். டாக்டர் பார்த்துவிட்டு, இடது காது போனது போனதுதான், வலதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வேலுச்சாமி காட்டிலும் மேட்டிலும் முத்துலட்சுமியைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுதான் பேசுகிறாராம். ஊரே பார்த்துச் சிரிக்கிறதாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது என்றேன். முத்துலட்சுமி வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதுக் கதையை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "சந்தோஷந்தான் சார். ஆனா முன்னெல்லாம் பிடிக்காத பேச்சு வந்தா, அந்தக் காதக் காட்டி உக்காந்துக்கிருவேன். இப்ப சுத்தி வந்துல்ல சொல்றாக."

பதினோரு வருஷமும் எழுதுகிறவர்களைத் திருத்தத்தான் கூட்டம் போட்டோம். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் திருந்திப்போனதை ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.