திரும்பி வந்த கடிகாரங்கள்

பொம்மை ஆடும் சாவிக் கடிகாரத்தைச் செய்துவிடலாம், பேசிப் பேசி விற்றும்விடலாம். வாங்கியவர் வீட்டில் அது தங்குவதுதான் கஷ்டம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? விளாங்குடியில் என் பட்டறைக்கு இரண்டு கடிகாரங்கள் அடுத்தடுத்துத் திரும்பி வந்தன. என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒண்ணு திரும்பி வந்துச்சுன்னா, பட்டறையப் பூட்டிட்டு எங்கண்ணன் மோட்டார் கடையில போய் உக்காருங்க."

மயில்

முதலில் வந்தது மயில் கடிகாரம். மணிக்கொரு தரம் தோகையை விரித்து அகவும். அந்தக் குரலுக்காகத் துருத்தியோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆசையாக வாங்கிப்போன கொட்டாம்பட்டி விவசாயி, அதைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். குரல் சரியில்லையா என்று கேட்டேன்.

"குரலெல்லாம் அச்சு அசல்ணே. கடலைக் காட்டுல மயில வெரட்டியே எனக்குப் பொழுது போயிருது, இது வீட்டுல இருந்துக்கிட்டு அம்புட்டு மயிலையும் கூப்பிட்டு விடுது."

சிப்பாய்

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருக்குச் சிப்பாய் கடிகாரம் செய்தேன். மணி அடித்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்து சலாம் வைப்பான். ஆபீஸை விட்டு வந்த பிறகு சலாம் வைக்க ஆளில்லை என்பதுதான் அவருக்குக் குறையாம். ஒரு வாரத்தில் ஆட்டோவில் சிப்பாயோடு வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எட்டு மணிக்கு நான் குளிக்கப் போயிர்றேன் தம்பி. அந்த சலாம எம் பொண்டாட்டி வாங்கிக்கிறா."

அழகர்

மனைவியின் தீர்ப்புக்குப் பிறகு வந்த ஆர்டர், வாடிப்பட்டி கல்யாண மண்டபத்துக்கு. பன்னிரண்டு அடித்ததும் மீனாட்சிக்குத் தாலி ஏற வேண்டும், அண்ணன் அழகர் குதிரையில் வந்து திரும்பிப் போக வேண்டும். சக்கரங்களைப் பல் பல்லாக அரத்தால் ராவிச் செய்தேன். பன்னிரண்டு அடித்தது, அழகர் வந்து நின்றார், தாலி ஏறியது, அழகர் திரும்பினார். ஒரு நொடி பிசகவில்லை. மண்டபத்துக்காரர் உச்சுக் கொட்டினார்.

"கழட்டுங்கண்ணே. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிருச்சேன்னுதான அழகர் கோவிச்சுக்கிட்டுத் திரும்புனாரு? இவருதான் கண்ணு குளிரப் பாத்துட்டாரே, பெறகு எதுக்குத் திரும்பிப் போறாரு?"

மோட்டார் கடை கண்முன் வந்து நின்றது. அங்கேயே உட்கார்ந்து, தாலி ஏறிப் பத்து நிமிடம் கழித்து அழகர் வரும்படி சக்கரத்தை மாற்றினேன். கடிகாரக்காரன் செய்கிற வேலையா இது? வெட்கமாகத்தான் இருந்தது. முதல் முகூர்த்தம் முடிந்த அன்று மண்டபத்திலிருந்து போன் வந்தது. மனைவி பக்கத்தில் நிற்க, எடுத்துப் பேசினேன்.

"பந்திக் கூடத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்ணே. பன்னெண்டு மணிக்கு இலை போட்டாச்சு, தாலி கட்டுன எடத்த விட்டு ஒருத்தரும் எந்திரிக்கல. அழகர் வரட்டும்னு உக்காந்திருக்காங்க."

நேரம் தவறாத கடிகாரங்கள் எல்லாம் என்னை மோட்டார் கடைக்கு அனுப்பப் பார்த்தன. கல்யாணத்துக்கே பிந்தி வந்த ஒருவர்தான் எனக்கு நேரத்துக்கு வந்து உதவினார்.