உள்ளே போன மூச்சு

முப்பத்தோரு வருஷமாகச் சாவதுதான் அவர் பிழைப்பு. வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கிற கூடத்தில் வேலை. குண்டடி பட்டவன், கூரை இடிந்து மாட்டிக்கொண்டவன், தண்ணீரில் முங்கினவன், யார் செத்தாலும் கடைசிச் சத்தம் அவருடையது. அதனால் எல்லோருக்கும் அவர் ‘செத்துப்பிழைச்ச மாமா’. இன்றைக்கு எத்தனை சாவு என்று யாராவது கேட்டால், காபிக்கு முன்னால் ஒன்பது, பின்னால் நாலு என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது.

ஆனால் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ‘கூட்டத்தில் ஒருவன்’, ‘இரண்டாவது காவலாளி’ மாதிரி ஆட்கள்தான். வந்த சுருக்கில் செத்துவிடுவார்கள். அந்த ஜப்பான் தொடர் வந்த பிறகுதான் அது மாறியது. முதலில் சித்திரப் புத்தகமாக வந்து, பிறகு அசையும் படமாக எடுத்த கதை. சூரியன் வராமல் போன ஒரு நகரம். மனுஷருடைய நிழலைத் தின்கிற உருவங்கள் அதைச் சுற்றி அலைகின்றன. நிழல் போனவன் அங்கேயே விழுவான். நகரத்து வாசலில் விளக்கேற்றுகிற கிழவன் ஒருவன் உண்டு. முதல் சீசன் பன்னிரண்டு பாகம். பதினோரு பாகத்திலும் அவன் எண்ணெய் ஊற்றுகிறான், திரி தூண்டுகிறான், ஒரே மகளைத் திட்டிக்கொண்டே சோறு போடுகிறான். பன்னிரண்டாவதில் கை விளக்கை அவளிடம் கொடுத்து ஓடச் சொல்லிவிட்டு, தான் இருட்டில் நின்று சாகிறான்.

விளக்குக்காரன் நீங்கள்தான் என்று டைரக்டரம்மா சொன்ன அன்று, மாமா பஸ்ஸை மறந்து வீடு வரைக்கும் நடந்தே போனார்.

வசனம் பேசி முடிக்க மூன்று வாரம். இரண்டாவது வாரத்தில் அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், இதுவோ நிஜமாகவே பொன்குஞ்சு. உள்ளங்கை அகலத்தில் முகம், உளுந்து அளவில் கால்விரல். அழ ஆரம்பித்தால் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். பால் கொடுத்தாலும் நிற்காது, தூக்கி நடந்தாலும் நிற்காது. தாத்தா குரல் கேட்டால் நிற்கும். அவருக்கோ தாலாட்டு ஒன்றும் தெரியாது. அன்றைக்குச் செய்த வேலையையே சொல்வார். “இன்னிக்கு பதினோரு தடவை செத்தேன்டி கண்ணு. அதுல ஒருத்தன் ஏணியிலேர்ந்து விழுந்தான்.” குழந்தை கண்ணைக் கொட்டாமல் கேட்கும். முப்பது வருஷம் செத்ததுக்கு இப்போதுதான் ஒரு பிரயோஜனம் என்று மகள் கேலி செய்வாள்.

குரல் கொடுக்கிற தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அலறல்களை எல்லாம் அந்தந்தப் படத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைப்பார்கள். முதலிலேயே அலறினால் தொண்டை கட்டி, மீதி வசனம் கெட்டுவிடும். அந்தக் கடைசி நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, மாமா துப்பின எச்சிலில் ரத்தம் தெரிந்தது. மருத்துவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்மேல் கடுகளவு கொப்புளம், அதைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது.

“பேசுங்க, மெதுவா பேசுங்க. ஆனா கத்தக் கூடாது. ஒரே ஒரு பெரிய கத்தல் போதும், கிழிஞ்சிடும். அதுக்கப்புறம் வெறும் காத்துதான் வரும்.”

வீட்டுக்கு வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டு வார்த்தை சொன்னார், நின்றுவிட்டது. மருத்துவர் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் டைரக்டரம்மாவிடம் மட்டும் சொன்னார்.

அவர் கெட்ட மனுஷி இல்லை. மற்ற அலறல்களை எல்லாம் உடனே பக்கத்து அறைப் பயில்வான் குரல்காரருக்கு மாற்றிவிட்டார். விளக்குக்காரன் அலறலையும் அவரே செய்யட்டும், ஒட்டிவிடலாம், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். மாமாவுக்கு அது மட்டும் தாங்கவில்லை.

“இத்தனை வருஷம் ஊரான் சாவையெல்லாம் நான் செத்தேன்மா. எனக்குன்னு வந்த ஒரு சாவை இன்னொருத்தர் சாகணுமா?”

கடைசி நாள் வந்தது. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டின அறை, நடுவில் மைக், எதிரே திரை, பக்கவாட்டில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரம்மா. திரையில் விளக்குக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான், முழுசாக நாலு விநாடி. மூலத்தில் அங்கே அலறல். வாய் திறந்திருக்கும்போது சத்தம் இல்லாமல் விட முடியாது, பார்க்கிறவனுக்கு ஏதோ கோளாறு என்று தோன்றும்.

மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் செத்த ஆயிரம் சாவும் சும்மா, கற்பனை. நிஜமாக அவர் பார்த்த சாவு ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மனைவியினுடையது. ஒரு கையை அவர் பிடித்திருந்தார், இன்னொரு கையை மகள். அலறல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது. அது திரும்பி வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ செத்திருக்கிறார், ஆனால் அந்த மூச்சை மட்டும் தொழிலுக்கு எடுத்ததில்லை.

திரையில் கிழவன் வாய் திறந்தது. மாமா மூச்சை உள்ளே இழுத்தார். தொண்டை ஓரத்தில் உரசிக்கொண்டு, ஈரமாக, நாலு விநாடி. அதோடு நிறுத்திவிட்டார்.

டைரக்டரம்மா குரல் ஹெட்போனில் வந்தது.

“உள்ள போச்சு. வெளில வரலையே மாமா?”

“வராதும்மா.”

“எதுக்கும் இன்னொரு டேக் எடுத்துக்கலாமா?”

இன்னொரு டேக் என்றால் அவர் மறுத்ததே கிடையாது. அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“ஒண்ணுதாம்மா இருந்துச்சு.”

நாலு மாசம் கழித்துத் தொடர் வந்தது. ஒவ்வொரு பாகத்தையும் மகள் விடாமல் பார்த்தாள். கடைசிப் பாகத்தன்று, மடிக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது, இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா இழுத்துப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்று, மடித்த துண்டையே மறுபடி மறுபடி மடித்தார்.

விளக்குக்காரன் மகளை ஓடச் சொன்னான். வாயைத் திறந்தான். மூச்சு உள்ளே போனது.

மகள் டிவியை அணைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். என்னிக்கு எனக்குப் பதில் சொல்லியிருக்கா?” பிறகு, மருத்துவர் சொன்னதை எல்லாம் சொன்னார். இவ்வளவு நாள் மறைத்ததற்கும் சேர்த்துத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. அவளுடைய விம்மலில் குழந்தை விழித்து, வீடு அதிர ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் இரண்டு அழுகையும் கலந்து கேட்டன. பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

“பேசுங்கப்பா. இதுக்குத்தானே குரலை வச்சிருக்கீங்க.”

தொண்டைக் கொப்புளம் எப்போதோ ஆறிவிட்டது. அவர் குழந்தையை மார்போடு நிமிர்த்திப் பிடித்தார்.

“இன்னிக்கு ஒரு தடவைகூடச் சாகலடி கண்ணு,” என்றார்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, மீதிக் கதை எங்கே என்பது போல அவர் வாயைப் பார்த்தது.